வழுவைத் தேடிக் கொழும்புக்கு

முதலாம் நாள்: வெள்ளவத்தை

யாழ்ப்பாணத்தில் இரவு ஏறிய பேருந்து வவுனியா, அநுராதபுரம், புத்தளம், நீர்கொழும்பு வழியாக வந்து, பொழுது புலரும் நேரத்தில் வெள்ளவத்தையில் எங்களை இறக்கிவிட்டது. ஏறத்தாழ 400 கிலோமீற்றர். இந்தப் பாதையில் எத்தனையோ தடவை வந்து போயிருக்கிறேன். ஆயினும் அந்தத் தூரத்தைப் பௌதிகவியற் கணியமாக மனத்தில் வைத்துக்கொண்டு பயணம் செய்தது இதுவே முதல் தடவை.

நான் உயர்தர வகுப்புக்குப் பௌதிகவியல் கற்பிக்கும் ஆசிரியன். முன்பு என்னிடம் படித்த மாணவி ஒருவர் கொழும்பிலுள்ள பல்கலைக்கழகம் ஒன்றில், குவாண்டம் தகவலியலையும், செய்திகளைப் பிறர் படிக்காதபடி பூட்டும் குறியாக்கவியலையும் ஆராயும் சிறு குழுவில் இப்போது ஆய்வு மாணவியாக இருக்கிறார். "லீவுக்கு வாங்கோ சேர், ஒரு கிழமை எங்களோட இருந்து பாருங்கோ" என்று இரண்டு வருடங்களாகக் கேட்டுக்கொண்டிருந்தார். குழுவின் கட்டுரைகள் சில இன்னும் பரிசீலனையில் இருப்பதால் பல்கலைக்கழகத்தையும் ஆட்களையும் பெயரிட்டு எழுதுவதில்லை என்ற உடன்பாட்டோடுதான் இக்குறிப்புகளை நாள்தோறும் எழுதுகிறேன்.

அக்காவின் வீட்டில் இடியப்பமும் சொதியும் உண்டு சற்று உறங்கி எழுந்தபின், பின்னேரம் அந்த மாணவி வந்தார். கடற்கரைப் பக்கமாக நடந்தோம். தண்டவாளத்துக்கு அப்பால் கடல் இரைந்துகொண்டிருந்தது. இக்குழு ஆராயும் முறைகளுள் ஒன்று, செய்தியைப் பூட்டும் இரகசியத் திறப்பை, அதாவது சாவியை, போட்டன்கள் எனப்படும் ஒளித்துகள்களில் அனுப்புவது. நடக்கும்போதே அதற்காக நான் கொண்டுவந்திருந்த கணக்கை அவரிடம் சொன்னேன். நல்ல ஒளியிழையில் 1550 நனோமீற்றர் அலைநீளமுள்ள ஒளி செல்லும்போது கிலோமீற்றருக்கு ஏறத்தாழ 0.2 டெசிபெல் இழப்பு ஏற்படும். 50 கிலோமீற்றர் சென்றால் பத்தில் ஒரு பங்கும், 100 கிலோமீற்றர் சென்றால் நூறில் ஒரு பங்கும் எஞ்சும். யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்பு வரை இடைநிலையம் எதுவுமின்றி ஒரே இழையை இழுத்தால் இழப்பு 80 டெசிபெல். அதாவது அங்கே புறப்படும் பத்துக் கோடிப் போட்டன்களில் ஒன்றே இங்கே வந்து சேரும்.

"சாதாரண தொலைத்தொடர்பில் இது ஒரு பிரச்சினையே இல்லை சேர், வழியில் பெருக்கிகளை வைத்துவிடுவார்கள்," என்றார் அவர். குவாண்டம் நிலையை அவ்வாறு பெருக்க இயலாது. அறியப்படாத ஒரு குவாண்டம் நிலையை அச்சொட்டாகப் படியெடுக்க முடியாது என்பதை 1982 இல் வூட்டர்ஸ், சூரெக் இருவரும், தனியாக டீக்ஸ் என்பவரும் நிறுவினார்கள். ஒட்டுக் கேட்பவனைத் தடுப்பது இந்த விதிதான். நல்ல நோக்கத்தோடு பெருக்கி வைக்க வருபவனையும் அதே விதி தடுத்துவிடுகிறது. பாதுகாப்புக்கும் தூரத்துக்கும் இடையிலுள்ள இந்தப் பகையைப் பற்றித்தான் இந்தக் கிழமை முழுவதும் பேசப்போகிறோம் என்று சொல்லிவிட்டு அவர் பேருந்து எடுத்தார்.

இரண்டாம் நாள்: ஆய்வுகூடம்

காலி வீதியில் 100 ஆம் இலக்கப் பேருந்தில் ஏறிப் பம்பலப்பிட்டியில் இறங்கி மிச்சத் தூரத்தை நடந்தேன். ஆய்வுகூடம் என்றதும் நான் கற்பனை செய்திருந்த பெரிய மண்டபம் அங்கே இல்லை. இரண்டு அறைகள். ஒன்றில் கணினிகளும் வெண்பலகையும். மற்றதில் யன்னல்களுக்குக் கறுத்தத் துணி கட்டி, நடுவில் துளைகளிட்ட அலுமினியப் பலகையொன்றை மேசைமேல் பொருத்தியிருந்தார்கள். வில்லைகளும் தகடுகளும் காற்றுப்புகாத உணவுப் பெட்டிகளுக்குள் இருந்தன. கொழும்பின் ஈரக்காற்றில் வில்லைகளில் பூஞ்சணம் பிடித்துவிடும் என்பதால், ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் சிலிக்கா மணிகளைத் துணிமுடிச்சாகக் கட்டி வைத்திருக்கிறார்கள். மணிகள் நீலமாக இருந்தால் நல்லது. இளஞ்சிவப்பாக மாறினால் எடுத்துச் சூடாக்கி, ஈரத்தைப் போக்கி, மீண்டும் வைக்கவேண்டும். இந்தக் கடமைக்கு மாணவர்கள் முறை போட்டிருக்கிறார்கள். அன்று ஹற்றனிலிருந்து வந்த மாணவியின் முறை. அவர் ஒவ்வொரு முடிச்சையும் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து, நிறம் பார்த்து, கொப்பியில் குறித்த கவனம் என் பாடசாலை ஆய்வுகூடத்தை எனக்கு நினைவூட்டியது.

தனிப்போட்டன் உணரிகள் இக்குழுவிடம் இல்லை. அவற்றுள் சிறந்தவை மீக்கடத்தி நுண்கம்பிகளால் ஆனவை. தனி வெப்பநிலையில் ஒரு சில கெல்வின் அளவுக்குக் குளிரூட்டினாலே இயங்கும். எனவே இவர்களின் பெரும்பாலான வேலை கோட்பாடும் கணினிப் போன்மையும் ஆகும். மேசையிலுள்ள லேசர் அமைப்பு கற்பிப்பதற்காக இவர்களே பொருத்தியது. இதை ஒரு குறையாக எழுதவில்லை. இத்துறையின் மிக ஆழமான முடிவுகளுள் பல தாளிலும் வெண்பலகையிலும் பிறந்தவைதான்.

அப்படிப் பிறந்தவற்றுள் முதன்மையானது நமக்கு மிக அருகிலேயே உலகுக்கு அறிவிக்கப்பட்டது என்பதைக் குழுவின் தலைவரான பேராசிரியர் சொன்னபோது மகிழ்ந்தேன். ஐபிஎம் நிறுவனத்தின் சார்ள்ஸ் பெனற்றும் மொன்றியல் பல்கலைக்கழகத்தின் ஜில் பிறசார்ட்டும் போட்டன்களால் திறப்பைப் பகிரும் தங்கள் நெறிமுறையை 1984 டிசம்பரில் முன்வைத்தது பெங்களூரில் நடந்த ஒரு மாநாட்டில். கொழும்பிலிருந்து ஆகாய வழியாக ஏறத்தாழ 700 கிலோமீற்றர். இருவரின் பெயரின் முதலெழுத்துகளும் ஆண்டும் சேர்ந்து அது இன்று பிபி84 என்று வழங்குகிறது. அதற்கு வித்திட்ட எண்ணத்தை ஸ்ரீபன் வைஸ்னர் 1970 அளவிலேயே எழுதிவிட்டார். அது அச்சேறியது 1983 இல்தான். ஒரு நல்ல கருத்து பதின்மூன்று ஆண்டுகள் மேசை இழுப்பறையில் கிடந்திருக்கிறது என்பதை என் மாணவர்களுக்குக் கட்டாயம் சொல்லவேண்டும்.

பிற்பகல் முழுவதும் வெண்பலகையின் முன் நின்றோம். உண்மையான அமைப்புகளில் ஒரே ஒரு போட்டனை அனுப்பும் ஒளிமுதல் கிடைப்பது அரிது. அதனால் லேசர்த் துடிப்பை மிகவும் மங்கலாக்கி, துடிப்புக்குச் சராசரியாக 0.1 போட்டன் இருக்குமாறு அனுப்புகிறார்கள். "சராசரி" என்ற சொல்லுக்குள் ஓர் ஆபத்து ஒளிந்திருக்கிறது. பொய்சோன் பரம்பலின்படி 1000 துடிப்புகளை எடுத்தால், ஏறத்தாழ 905 இல் ஒன்றுமே இராது. 90 இல் ஒரு போட்டன் இருக்கும். எஞ்சிய ஐந்தளவில் இரண்டோ அதற்கு மேலோ இருக்கும். அந்த ஐந்தில்தான் கள்ளன் கை வைப்பான். இரண்டில் ஒன்றைத் தான் எடுத்துக்கொண்டு மற்றதைப் போகவிட்டால், பெறுபவருக்கு எந்தத் தடயமும் கிடைக்காது. இதைத் தடுக்க, வெவ்வேறு பிரகாசமுள்ள பொறித் துடிப்புகளை இடையிடையே கலந்து அனுப்பும் உபாயத்தை 2003 இல் ஹ்வாங் முன்வைத்தார். 2005 இல் லோ, மா, சென் ஆகியோர் அதை முழுமையாக்கினார்கள். எது உண்மைத் துடிப்பு, எது பொறி என்று அறியாத கள்ளன் எல்லாவற்றையும் ஒரே மாதிரிக் கையாளுவான். பின்னர் புள்ளிவிபரம் அவனைக் காட்டிக்கொடுக்கும்.

மூன்றாம் நாள்: நாணயமும் தகடும்

இன்று பிபி84 முறையைச் செய்து பார்க்க என்னைப் பெறுநராக இருத்தினார்கள். உலகெங்கும் அனுப்புபவரை அலிஸ் என்றும் பெறுபவரை பொப் என்றும் ஒட்டுக் கேட்பவரை ஈவ் என்றும் அழைப்பது வழக்கம், இங்கும் அப்படித்தான்.

மேசையின் ஒரு கோடியில் சிவப்பு லேசர். அதன் முன் அரையலைத் தகடு ஒன்று, சுழலும் வளையத்தில் பொருத்தப்பட்டுள்ளது. தகட்டை 22.5 பாகை திருப்பினால் ஒளியின் முனைவாக்கம், அதாவது ஒளியலை அதிரும் திசை, 45 பாகை திரும்பும். அலிஸ் ஒவ்வொரு துடிப்புக்கும் இரண்டு விடயங்களை எழுந்தமானமாகத் தெரிவுசெய்கிறார்: பூச்சியமா ஒன்றா என்பதும், நேர் அச்சா சாய் அச்சா என்பதும். நேர் அச்சில் 0 பாகையும் 90 பாகையும். சாய் அச்சில் கூட்டல் 45 உம் கழித்தல் 45 உம். மறுகோடியில் நான் என் தகட்டை நேர் அச்சுக்கோ சாய் அச்சுக்கோ வைத்து, கற்றைப் பிரிப்பிக்குப் பின்னாலுள்ள இரண்டு உணரிகளில் எதன் விளக்கு எரிகிறது என்று பார்த்துக் குறிக்கவேண்டும். எந்த அச்சு என்பதை முடிவுசெய்ய அவர்கள் என் கையில் தந்தது ஓர் இரண்டு ரூபாய் நாணயம்.

அச்சுகள் பொருந்தினால் ஓர் உணரியில் மட்டும் ஒளி விழும். பொருந்தாவிட்டால் இரண்டிலும் சரிபாதியாக விழும். அவ்வேளையில் சிறு மின்சுற்றொன்று எழுந்தமானமாக ஒன்றைத் தெரிவுசெய்து விளக்கை எரிக்கும். உண்மையான தனிப்போட்டன் பிளவுபடாது; ஏதாவது ஒரு பக்கமே செல்லும்; எந்தப் பக்கம் என்று முன்கூட்டிச் சொல்ல இயலாது. மின்சுற்று அந்த இயல்பை நடித்துக் காட்டுகிறது. இந்த மேசையில் ஒவ்வொரு துடிப்பிலும் கோடானுகோடிப் போட்டன்கள் உள்ளன, எனவே இது பாதுகாப்பான அமைப்பு அல்ல, பாடம் கற்பிக்கும் கருவி மட்டுமே என்பதை என் மாணவி தொடங்குமுன்பே தெளிவாகச் சொல்லிவிட்டார். அந்த நேர்மை எனக்குப் பிடித்திருந்தது.

200 துடிப்புகள். நாணயத்தைச் சுண்டி, தகட்டைத் திருப்பி, விளக்கைப் பார்த்து, கொப்பியில் எழுதி முடிக்க இரண்டு மணித்தியாலம் சென்றது. பிறகு இருவரும் எந்தெந்தத் துடிப்புக்கு எந்த அச்சு என்பதை மட்டும் உரக்க வாசித்தோம்; பெறுபேற்றை வாசிக்கவில்லை. அச்சுகள் ஒத்துப்போனவை 104. அவற்றை ஒப்பிட்டபோது மூன்று இடங்களில் வேறுபாடு, ஏறத்தாழ 2.9 சதவீதம். அவற்றுள் இரண்டு, நான் தகட்டைச் சரியான கோட்டில் நிறுத்தாததால் வந்தவை.

மதியத்துக்குப் பின் மீண்டும் 200. கறுத்தத் துணிக்கு அப்பால், நடுவில், இம்முறை மாத்தறையைச் சேர்ந்த சிங்கள மாணவர் ஒருவர் ஈவாக அமர்ந்து ஒவ்வொரு துடிப்பையும் அளந்து, தாம் கண்டதைத் தம் லேசரால் புதிதாக அனுப்பிக்கொண்டிருந்தார். எனக்கு அது தெரியாது. என் கண்ணுக்கு எல்லாம் காலையில் நடந்தது போலவே இருந்தது. விளக்குகள் அதே ஒழுங்கின்மையோடு எரிந்தன. ஒப்பிட்டுப் பார்த்தபோது எஞ்சிய 96 இல் 23 பிழைத்திருந்தன. 24 சதவீதம். கோட்பாடு சொல்வது 25: ஈவ் பாதித் தடவை தவறான அச்சைத் தெரிவுசெய்கிறார், அப்படித் தெரிவுசெய்தவற்றில் பாதி என் பக்கத்தில் வழுவாகிறது.

அந்தக் கணத்தை எழுதி விளக்குவது கடினம். பாடசாலையில் வழு என்றால் குறைக்கவேண்டியது, மன்னிப்புக் கேட்கவேண்டியது, செய்முறைப் பரீட்சையில் புள்ளி இழக்கச் செய்வது. வேணியர் இடுக்கியின் பூச்சிய வழுவைத் திருத்தச் சொல்லித்தான் எத்தனையோ வருடங்களாகப் பிள்ளைகளை அதட்டியிருக்கிறேன். இங்கே 24 என்ற அந்த எண், நான் காணாத ஓர் ஆள் துணிக்குப் பின்னால் இருக்கிறார் என்று எனக்குச் சொன்னது.

நான்காம் நாள்: போயா

இன்று போயா (பௌர்ணமி) விடுமுறை, பல்கலைக்கழகம் பூட்டு. என் மாணவியும் ஹற்றன் மாணவியும் என்னைக் கோட்டைப் பக்கம் அழைத்துச் சென்றார்கள். பழைய கலங்கரை விளக்கம் மணிக்கூட்டுக் கோபுரமாக நிற்கும் வீதியில் சற்று நின்றோம். 1857 இல் மணிக்கூட்டுக் கோபுரமாகக் கட்டப்பட்டுப் பின்னர் கலங்கரை விளக்கமாகவும் பயன்பட்ட அதன் ஒளி, சுற்றிவரக் கட்டடங்கள் உயர்ந்து மறைத்ததால் 1952 இல் அணைக்கப்பட்டது. ஆகாய வெளியில் போட்டன்களை அனுப்புவோரின் முதற் கவலையும் அதே பார்வைக்கோடுதான். கனேரித் தீவுகளில் ஒரு மலையிலிருந்து இன்னொரு தீவின் மலைக்கு 144 கிலோமீற்றர் தூரம் பின்னிப்பிணைந்த போட்டன்களை (விலகியிருந்தாலும் அளவீட்டு விடைகள் ஒன்றோடொன்று தொடர்புபட்டிருக்கும் சோடிகளை) அனுப்பிக் காட்டிய முடிவு 2007 இல் வெளிவந்தது. சீனா 2016 ஓகஸ்டில் ஏவிய மீசியஸ் செய்மதி அடுத்த ஆண்டே 1200 கிலோமீற்றர் இடைவெளியுள்ள இரு தரைநிலையங்களுக்குப் பின்னிப்பிணைந்த சோடிகளைப் பகிர்ந்தது. செய்மதியிலிருந்து வரும் ஒளிக்கு அடர்ந்த வளிமண்டலம் கடைசிப் பத்துக் கிலோமீற்றர் அளவே. ஒளியிழையில் போல ஒவ்வொரு கிலோமீற்றரும் அதற்கு வரி அறவிடுவதில்லை.

காலிமுகத்திடலில் அமர்ந்திருந்தபோது, இந்த விடயம் ஏன் என்னை இவ்வளவு இழுக்கிறது என்று ஹற்றன் மாணவி கேட்டார். அப்பாவின் கடிதங்களைப் பற்றிச் சொன்னேன்.

தொண்ணூறுகளில் அப்பா புறக்கோட்டையில் ஒரு கடையில் கணக்கெழுதிக்கொண்டிருந்தார். நாங்கள் யாழ்ப்பாணத்தில். தொலைபேசி கிடையாது. கடிதங்கள் கப்பலிலும் ஆட்களின் கையிலும் வரும். ஒவ்வொரு கடிதத்தின் தலைப்பிலும் இலக்கம் போட்டிருப்பார். இலக்கம் 22 வந்தது, 23 வரவேயில்லை, 24 வந்தது. அதற்காக அம்மா பெரிதாகக் கலங்கவில்லை. ஒருமுறை வந்த கடிதத்தின் ஒட்டுவாய் இரண்டாம் தடவை பசை பூசியதுபோலத் தடித்துச் சற்றே கோணலாக ஒட்டியிருந்தது. அம்மா விரல் நகத்தால் அந்த விளிம்பைத் தடவிப் பார்த்தது இன்றும் கண்ணில் நிற்கிறது. அதன்பின் பல மாதங்களுக்கு அவர் எழுதிய பதில்களில் காணி, காசு, ஆட்கள் பற்றிய செய்தி எதுவும் இருக்கவில்லை. சுகம், மழை, மாமரம் இவ்வளவுதான்.

"அம்மா இழப்பையும் வழுவையும் பிரிச்சுப் பார்த்திருக்கிறா சேர்," என்றார் என் மாணவி. அவர் சொன்னது சரி. குவாண்டம் திறப்புப் பகிர்வில் வராமற்போன போட்டன் வேகத்தைக் குறைக்குமே தவிர இரகசியத்தைக் குறைக்காது. வந்து சேர்ந்தவற்றிலுள்ள வழுதான் எச்சரிக்கை. இன்னும் ஒன்று, அம்மாவுக்குக் கிடைக்காதது, இதில் உண்டு. அவர் கடிதம் திறக்கப்பட்டதை அறிந்தபோது அதிலிருந்த செய்தி ஏற்கெனவே வெளியே போய்விட்டது. இங்கே செய்தி இன்னும் எழுதப்படவே இல்லை. அனுப்புவது எழுந்தமானமான பிட்களை மட்டுமே. வழு கூடினால் அவற்றை எறிந்துவிட்டு மறுபடி தொடங்கலாம். வழு குறைவென்று உறுதியான பின்னரே அவற்றிலிருந்து திறப்பை வடித்து, செய்தியை அதனால் பூட்டுகிறோம். செய்தியின் அளவுக்குச் சமமான நீளமும் எழுந்தமானமும் கொண்ட திறப்பை ஒரே ஒரு முறை மட்டும் பயன்படுத்தினால் அந்தப் பூட்டை எந்தக் கணினியாலும் உடைக்க முடியாது என்பதை ஷனன் 1949 இல் வெளியிட்ட கட்டுரையில் நிறுவினார்.

அப்பா கொழும்புக்குப் புறப்படும்போது, உண்மையில் தான் எழுதியதுதான் என்பதற்கு அடையாளமாகக் கடைசி வரியில் வரவேண்டிய ஒரு சொல்லை அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போனார். குவாண்டம் முறைக்கும் அப்படி ஒரு சொல் வேண்டும். அலிஸும் பொப்பும் அச்சுகளைப் பகிரும் சாதாரண வழியில் மறுமுனையில் பேசுவது அவர்தான் என்று உறுதிசெய்ய, தொடக்கத்திலேயே ஒரு சிறு இரகசியம் இருவரிடமும் இருக்கவேண்டும். ஒன்றுமே இல்லாமல் நம்பிக்கையை உருவாக்கும் மந்திரமல்ல இது. சிறிய நம்பிக்கையைப் பெரிதாக்கும் வழி. பத்திரிகைக் கட்டுரைகள் பல இதைச் சொல்லாமல் விட்டுவிடுகின்றன.

ஐந்தாம் நாள்: கருத்து மோதல்

காலையில் குழுவின் கிழமைக் கருத்தரங்கு. ஆங்கிலத்தில் நடந்தது, இடைவேளையில் பிளேன்ரீயோடு சிங்களமும் தமிழும் கலந்தன. குழுவுக்குள் இரண்டு பகுதியினர் இருப்பது இன்றுதான் தெளிவாகத் தெரிந்தது.

ஒரு பகுதியினருக்குப் போட்டன்களே எதிர்காலம். மற்றப் பகுதியினர், குவாண்டம் கணினியாலும் உடைக்க இயலாத கணிதப் பூட்டுகளைச் சாதாரண கணினியில் ஓடச்செய்வதே நாட்டுக்கு இப்போது வேண்டியது என்கிறார்கள். 1994 இல் பீற்றர் ஷோர் காட்டிய வழிமுறை, போதிய அளவு பெரிய குவாண்டம் கணினி ஒன்று கிடைத்தால் இணையத்தில் பரவலாகப் பயன்படும் ஆர்எஸ்ஏ என்ற கணிதப் பூட்டை உடைத்துவிடும். 2048 பிட் கொண்ட ஆர்எஸ்ஏ எண்ணுக்கு 617 இலக்கங்கள். அதைக் காரணிப்படுத்த வழுவுள்ள கியூபிட்டுகள் (குவாண்டம் கணினியின் பிட்கள்) இரண்டு கோடியும் எட்டு மணித்தியாலமும் போதும் என்று 2019 இல் கிட்னியும் எக்கெராவும் மதிப்பிட்டார்கள். 2025 இல் கிட்னியே அதைப் பத்து இலட்சத்துக்குக் குறைவான கியூபிட்டுகளாகவும் ஒரு கிழமைக்குக் குறைவான நேரமாகவும் இறக்கினார். இன்று கைவசமுள்ள இயந்திரங்கள் அந்த அளவை எட்டவில்லை. ஆனால் இன்று பதிவுசெய்து வைத்த மறைசெய்தியைப் பதினைந்து வருடம் கழித்துத் திறக்கலாம். வைத்தியக் குறிப்பும் காணி உறுதியும் பதினைந்து வருடத்தில் பழசாகிப் போவதில்லை.

அமெரிக்காவின் தேசிய தரநிலை நிறுவனம் 2024 ஓகஸ்டில் வெளியிட்ட புதிய தரங்களுள் திறப்புப் பரிமாற்றத்துக்கானதைப் பேராசிரியர் எனக்காக வெண்பலகையில் விளக்கினார். அதைக் கேட்டபோது நிமிர்ந்து உட்கார்ந்தேன். ஒருங்கமை சமன்பாடுகளை எந்த உயர்தர மாணவரும் தீர்ப்பார். அந்தச் சமன்பாடுகளின் வலப்பக்கத்தில் ஒவ்வொன்றுக்கும் ஒன்று அல்லது இரண்டைக் கூட்டியோ கழித்தோ வேண்டுமென்றே சிறு வழுவைச் சேர்த்து, மாறிகளை நூற்றுக்கணக்கில் பெருக்கி, எல்லாவற்றையும் 3329 ஆல் வகுத்த மீதியாக எழுதுங்கள். ஒரு சமன்பாட்டை இன்னொன்றிலிருந்து கழிக்கக் கழிக்க வழுக்கள் குவிந்து விடையை மூடிவிடுகின்றன. இரகசியத்தை அறிந்தவருக்கு அவை சிறியன, தட்டிவிடலாம், அறியாதவருக்கு மதில்.

போட்டன் முறையில் வழு கள்ளனைக் காட்டிக்கொடுக்கிறது. கணித முறையில் வழு இரகசியத்துக்குக் காவல் நிற்கிறது. இரு பகுதியினரும் ஒரே அறையில் இருந்து, ஒருவரையொருவர் மறுத்துக்கொண்டு, ஒரே சொல்லைச் சுற்றி வேலை செய்வதை இந்த மூன்று நாள்களில் நான் கண்டுகொண்டேன். இதைச் சொன்னபோது பேராசிரியர் சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, வெண்பலகையின் ஒரு மூலையில் அதை எழுதி வைத்தார்.

மாத்தறை மாணவர் கையடக்கமான சிறு கணினிப் பலகையில் இந்தப் புதிய முறையை ஓட்டி நேரம் அளக்கிறார். பழைய நீள்வளைய முறையில் 32 பைட்டாக இருந்த பொதுத் திறப்பு (எவருக்கும் வெளிப்படையாகக் கொடுக்கும் திறப்பு), புதிய தரத்தின் நடுத்தர வகையில் 1184 பைட்டாகிறது. நல்ல இணைப்பில் அது ஒரு பொருட்டல்ல. மழைநாளில் திணறும் தொலைபேசி இணைப்பிலும் மலிவான உணரிக் கருவிகளிலும் அது எப்படி நடந்துகொள்ளும் என்பதே அவருடைய கேள்வி. நம்முடைய நிலத்திலிருந்து எழுந்த கேள்வி அது. வெளியூரில் யாராவது நமக்காகத் தீர்த்துத் தருவார் என்று காத்திருக்க முடியாதது.

பிரித்தானியாவினதும் அமெரிக்காவினதும் அரச பாதுகாப்பு நிறுவனங்கள், தங்கள் முக்கிய பயன்பாடுகளுக்குக் குவாண்டம் திறப்புப் பகிர்வை இப்போதைக்குப் பரிந்துரைப்பதில்லை. காரணம் பௌதிகவியல் பொய் என்பதல்ல, கருவி குறையுடையது என்பதே. 2010 இல் ஆய்வாளர்கள் பிரகாசமான ஒளியால் உணரிகளைக் குருடாக்கி, விற்பனையிலிருந்த அமைப்புகளிலிருந்து தடயமின்றித் திறப்பை எடுக்க முடியும் என்று காட்டினார்கள். இரு பகுதியினரின் வாதத்தையும் கேட்டபின் என் எண்ணம் இது: வங்கிக்கும் வைத்தியசாலைக்கும் இன்று வேண்டியது கணிதப் பூட்டு, ஆனால் போட்டன் பாடத்தை விட்டுவிட்டால், அளவீடு என்றால் என்ன என்பதை நம் பிள்ளைகள் அரைகுறையாகவே அறிவார்கள்.

ஆறாம் நாள்: புறப்பாடு

காலையில் என் மாணவி தன்னுடைய சொந்த வேலையைக் காட்டினார். அலிஸிடமும் பொப்பிடமும் எஞ்சிய பிட் வரிசைகளில் 2 அல்லது 3 சதவீதம் வேறுபடும். அவற்றைக் கூறுகளாகப் பிரித்து, ஒவ்வொரு கூறிலும் ஒன்றுகளின் எண்ணிக்கை ஒற்றையா இரட்டையா என்பதை மட்டும் வெளிப்படையாக ஒப்பிட்டு, வேறுபட்ட கூறைப் பாதியாக்கிப் பாதியாக்கிப் பிழைத்த பிட்டைத் தேடிப் பிடிக்கலாம். இப்படி வெளியே சொன்ன ஒவ்வொரு விடையும் ஈவுக்குப் போன ஒரு பிட் தகவல். அதை ஈடுசெய்ய இறுதியில் வரிசையைச் சுருக்கவேண்டும். வழு 2 சதவீதமானால் ஒவ்வொரு 100 பிட்டிலும் உயர்ந்தபட்சம் 71 எஞ்சும். 5 சதவீதமானால் 42. 11 சதவீதத்தில் ஒன்றுமே எஞ்சாது. அந்த வளைகோட்டைத் திரையில் கண்டபோது, முதலில் செங்குத்தாகச் சரிந்து பிறகு நிலத்தைத் தொடும் அந்த இடத்தில் அவர் விரலை வைத்து, "இதுக்கு மேல கதைக்கக்கூடாது சேர்" என்றார். இந்தத் தேடலைக் குறைந்த தகவல் கசிவோடும் குறைந்த நேரத்திலும் முடிப்பதற்கான குறிமுறையே அவரது ஆய்வு.

பிறகு சொற்கள். தமிழ்மொழி மூலம் படித்து வரும் முதலாம் வருட மாணவர்களுக்காக அவர் ஒரு கையேடு எழுதுகிறார். தமிழ்நாட்டில் சாவி, திறவுகோல் என்று எழுதுவதை நாம் திறப்பு என்போம். ஆனால் திறத்தல் என்ற செயலும் அதே சொல்லாகி வாக்கியத்தைக் குழப்புவதால், செயலுக்கு "மறைநீக்கம்" என்று வைத்தோம். பின்னிப்பிணைவு நின்றது. அச்சு என்பதற்கு ஒரு மணித்தியாலம் வாதிட்டு வேறு நல்ல சொல் கிடைக்காமல் அதையே விட்டோம்.

மாலை வெள்ளவத்தைப் பேருந்து நிறுத்தத்துக்கு இருவரும் வந்தார்கள். முதல்நாள் சொன்ன பத்துக் கோடிக் கணக்கை ஹற்றன் மாணவி மறக்கவில்லை. செக்கனுக்கு 100 கோடித் துடிப்புகள் அனுப்பினாலும், துடிப்புக்கு 0.1 போட்டன் என்றால் யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்குச் செக்கனுக்கு ஒன்றுதான் சேரும். ஒளியே இல்லாதபோதும் உணரி பதியும் இருட்டு எண்ணிக்கைகளே அதை மூழ்கடித்துவிடும் என்று கணித்து வைத்திருந்தார். புத்தளத்திலும் வவுனியாவிலும் இடைநிலையம் வைத்துத் திறப்பைக் கைமாற்றலாம். ஆனால் அந்த நிலையங்களிலுள்ளவர்களை முழுமையாக நம்பவேண்டும். 2018 இல் வெளிவந்த இரட்டைப்புல முறையில் அப்படியல்ல. இரு முனைகளிலிருந்தும் ஒளி புறப்பட்டு நடுவில் சந்திக்கிறது; பத்துக் கோடி அதன் வர்க்கமூலமான பத்தாயிரமாகக் குறைகிறது; நடுவில் அமர்ந்து அளப்பவர் யாராக இருந்தாலும், பகைவராகவே இருந்தாலும், திறப்பு அவருக்குத் தெரியவராது. இம்முறையில் 1002 கிலோமீற்றர் ஒளியிழையை 2023 இல் கடந்துவிட்டார்கள். நமக்கு வேண்டியது அதில் பாதிகூட இல்லை.

பையில் இரண்டு முனைவாக்கித் தாள்களும், பழைய அரையலைத் தகடொன்றும், துணிமுடிச்சில் கட்டிய சிலிக்கா மணிகளும் இருக்கின்றன. அநுராதபுரத்தைத் தாண்டும்போது நள்ளிரவு கடந்துவிட்டது. பாதையின் நடுப்புள்ளி ஏறத்தாழ இவ்விடந்தான் என்பதால் விழித்திருந்து யன்னலால் பார்த்தேன். தேநீர்க் கடையொன்றின் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. பேருந்து அங்கே நிற்கவில்லை.